கூட்டுத்தொகை ஒன்பது

சித்தப்பாவின் கைக்கு ராசி கிடையாது என்று எங்கள் குடும்பம் நம்பியது. நம்பியது என்பதுகூடச் சற்று மென்மையான சொல். மழையில் நின்றால் நனைவோம் என்று எல்லோரும் அறிந்திருப்பதுபோல அவர்கள் அதை அறிந்திருந்தார்கள். ஆகவே பொங்கலன்று பானையில் முதல் பிடி அரிசியை அவர் இட்டதில்லை. கல்யாண வீடுகளில் முகூர்த்தக்கால் நடும்போது குழியில் பால் ஊற்ற அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கணபதி என்ற பகுதியில் இருந்த எங்கள் தொழிற்கூடத்துக்குப் புது இயந்திரம் வந்தால் அவருக்கும் அழைப்பு போகும். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தாம் குடியிருந்த பல்லடத்திலிருந்து வந்து நிற்பார். பொத்தானை அழுத்தும் நேரம் நெருங்கும்போது, உதிரிப்பூ குறைகிறது என்று சொல்லி அவரைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். எதுவும் கடுஞ்சொல்லோடு நடந்ததில்லை. "நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோமுங்க" என்பார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் ததும்பும் மரியாதையை வெளியூர்க்காரர்கள் புகழும்போதெல்லாம் எனக்கு வாய் கசக்கும். அந்த ஒற்றை 'ங்க'வைக் கொண்டே ஒரு மனிதரை இருபது ஆண்டுக்குமேல் எட்ட நிறுத்திவைக்க முடியும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. அது பிறந்தபோது நான் அருகில் இருந்தேன். சரியாகச் சொன்னால், பிரசவம் பார்த்தவளே நான்தான்.

அப்பா மூத்தவர், சித்தப்பா கடைசி. இருவருக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். சித்தப்பா என்னைவிடப் பத்து வயதே பெரியவர் என்பதால் எங்களுக்குள் மரியாதையைக் காட்டிலும் தோழமையே அதிகம். பழைய கார்களுக்கும் டீசல் வண்டிகளுக்கும் மாற்று கேம் ஷாஃப்டுகளைச் சாணைபிடித்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். அடுத்தவர் வரைந்த வடிவத்தை அப்படியே பார்த்துச் செய்யும் வேலை. அதில் சலித்துப்போன சித்தப்பா, வெளி மாநிலத்து வாகன நிறுவனமொன்று சோதனை முயற்சியாகத் தரவிருந்த ஒரு வேலையை எழுதிக் கேட்டு, இரண்டு முறை நேரில் போய்ப் பேசி வாங்கிவந்தார். சிறிய காருக்கான மூன்று சிலிண்டர் எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள், மேலே இரண்டு கேம் ஷாஃப்டுகள். வால்வுகளை இயக்கும் அமைப்பு முழுவதையும் நாங்களே வடிவமைத்து ஒரு மாதிரி எஞ்சினில் ஓட்டிக்காட்ட வேண்டும். எங்கள் ஊரில் எங்கள் அளவுள்ள ஒரு பட்டறை அதுவரை துணியாத காரியம் என்று அவர் சொல்வார். கணிதம் படித்து முடித்து வீட்டில் இருந்த என்னை, கேமின் ஒவ்வொரு டிகிரிக்குமான உயரத்தைக் கணக்கிட்டு அட்டவணையாக்கவும் வரைபடப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளவும் வேலைக்கு அழைத்தவரும் அவர்தான்.

வால்வு என்பது நீண்ட காம்புள்ள காளானைப் போன்ற ஓர் எஃகுத் துண்டு. ஸ்பிரிங் ஒன்று அதை எப்போதும் மூடியே வைத்திருக்கும். கேம் ஷாஃப்ட் என்ற தண்டு சுழலும்போது அதன்மேல் முட்டைபோலப் புடைத்திருக்கும் கேம் வந்து அதைத் தள்ளித் திறக்கும். பழைய எஞ்சின்களில் சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள்தாம். காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒன்று, எரிந்த புகை வெளியே போக ஒன்று. அவற்றை நான்காக்குவதன் பயனை, கேம் ஷாஃப்ட் வாங்க வந்திருந்த ஒருவருக்குச் சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. "கல்யாண மண்டபத்துக்கு ரெண்டே ரெண்டு பெரிய கதவு வெச்சீங்கன்னா, அதத் தொறந்து மூடவே நாலாளு வேணுமுங்க. அதே செவுத்துல நாலு சின்னக் கதவு வெச்சுப்பாருங்க. சனமும் வெரசா உள்ள போகும், கதவும் ஒத்தை வெரல்ல மூடும்." கேட்டவர், "அப்ப பந்திக்கு எடம் புடிக்க நாலு பக்கமும் ஓடோணுமே" என்றார். சித்தப்பா வெகுநேரம் சிரித்தார். சிரிக்கும்போது வாயைப் புறங்கையால் மூடிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு. உள்ளங்கை எப்போதும் எண்ணெயாக இருக்கும்.

மற்றவர்கள் கேமின் உயரத்தைப் பற்றிப் பேசுவார்கள். அவருக்கு அதன் சரிவுதான் முக்கியம். உயரம் கூடினால் காற்று அதிகம் வரும், சக்தி கூடும் என்பது உண்மையே. ஆனால் சரிவு செங்குத்தாகிவிட்டால், எஞ்சின் வேகமெடுக்கும்போது வால்வைக் கேமோடு ஒட்டவைத்திருக்க ஸ்பிரிங்கால் முடியாது. வால்வு எகிறும். மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் தொங்கும். கீழிருந்து மேலேறி வரும் பிஸ்டன் அதன்மேல் மோதும். "தொறக்கறதுல ஒண்ணும் சாமர்த்தியமில்ல அம்மணி. எறங்கி உக்காரும்போது சத்தமில்லாம உக்காரணும், எழவு ஊட்டுக்கு வந்தவனாட்ட" என்பார். அந்தச் சத்தமற்ற இறக்கத்துக்காக நாங்கள் நான்கு மாதங்கள் கணக்கிட்டோம்.

காற்று நுழையும் வால்வுகளுக்கான கேமை அவர் முதலில் வரைந்தபோது ஆசை மிகுந்துவிட்டது. உயரம் அதிகம், சரிவு கடுமை. அந்த வரைபடத்தின் எண் 2052. அதைப் பார்த்துச் சாணைப் பிரிவில் ஒரு மாஸ்டரும் செய்துவிட்டார்கள். மாஸ்டர் என்பது கடினப்படுத்திய எஃகில் வெட்டிய அச்சு. அதன் வளைவைத் தடவிக்கொண்டே இயந்திரம் அதே வளைவைத் தண்டில் சாணைபிடிக்கும். பிறகு என் அட்டவணை வேறொரு கதை சொன்னது. எஞ்சினின் உச்ச வேகத்தில் அந்தச் சரிவை எங்கள் ஸ்பிரிங் தாங்காது. சித்தப்பா அட்டவணையை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் பதிவேட்டை வாங்கி, 2052 என்ற வரியைச் சிவப்பு மையால் தாமே அடித்தார். "செத்த நம்பருக்கு மறுபடி உசுரு குடுக்கக் கூடாது அம்மணி. ஒரே பேருல ரெண்டு பேரு நடமாடுனா ஊரு கொழம்பிப்போகும்" என்றார். மாஸ்டரையும் உடைத்துப்போடச் சொல்லி அனுப்பினார். சாணைப் பிரிவில் உடைக்கவில்லை. நல்ல எஃகை உடைக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது. எண் பொறித்த தகரத் துண்டோடு அது அலமாரியிலேயே இருந்தது.

திருத்திய கேமை, சாந்தமான சரிவோடு, மாதங்கள் கழித்து அவர் வரைந்து முடித்தார். அப்போது வரிசையில் வந்த எண் 2060. அதைப் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டு, ஸ்பிரிங்குகளைத் தேர்ந்து வாங்கச் சென்னைக்குப் போனார்.

அவர் ஊரில் இல்லாத அந்த வாரத்தில்தான் அப்பா பதிவேட்டைப் புரட்டினார். எண்கணிதத்தில் அப்பாவுக்கு இருந்த பிடிப்பைச் சொன்னால் இளையவர்கள் சிரிக்கக்கூடும். எங்கள் ஊரார் சிரிக்க மாட்டார்கள். வண்டி எண்ணைக் கூட்டினால் எட்டு வரக் கூடாது. வீட்டுக் கதவு எண்ணைக் கூட்டினால் எட்டு வரக் கூடாது. எட்டு சனியின் எண். இரண்டும் பூச்சியமும் ஆறும் பூச்சியமும் கூடினால் எட்டு. அப்பா என் மேசைமேல் கையூன்றி நின்றார்.

"எட்டு வருது அம்மணி. நாம மொதமொதல்ல சொந்தமா செய்யற சாமான். மாத்திப்போடு."

2061 அதற்குள் வேறொரு வரைபடத்துக்குப் போயிருந்ததால், 2062 தரட்டுமா என்று கேட்டேன். அது வேண்டாம், வெற்றி தரும் எண் ஒன்பது, அதுவே வரட்டும் என்றார். அவருடைய விரல் பக்கத்தில் மேல்நோக்கிப் போயிற்று. சிவப்பு மை அடித்த வரியில் நின்றது. இரண்டு, பூச்சியம், ஐந்து, இரண்டு.

"இது ஒம்போதுதான?"

"அது சித்தப்பா அடிச்ச நம்பருங்கப்பா. மறுபடி போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அடிச்சதுனா காலியாத்தான கெடக்குது. பூட்டுன ஊட்டுக்கு வாடகைக்கு ஆள் வைக்கறதில்லியா? எழுது."

நான் "சரிங்கப்பா" என்றேன். எழுதினேன். புதிய வரைபடம் பழைய எண்ணைத் தாங்கிக்கொண்டு சாணைப் பிரிவுக்குப் போயிற்று. மறுநாள் அங்கிருந்து மகிழ்ச்சியான செய்தி வந்தது. "அம்பத்திரெண்டுக்கு மாஸ்டர் ரெடியாவே இருக்குதுங்க. ஒரு வாரம் மிச்சம்." அப்பா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "பாத்தியா, ஒம்போது" என்றார். அது என்ன மாஸ்டர் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருக்க வேண்டும் என்று எழுத நினைத்தேன். இல்லை, தெரியும். இருந்தும், அப்பா சந்தோஷமாக இருக்கும் ஒரு பொழுதைக் கெடுக்க வேண்டாம், சித்தப்பா வந்தால் பார்த்துக்கொள்வார் என்று என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன். பரிசோதனைப் பிரிவிலும் தண்டை 2052இன் பழைய அட்டவணையோடுதான் ஒப்பிட்டார்கள். எல்லா அளவும் பிசகின்றிப் பொருந்தின. ஒரு தவறு இத்தனை ஒழுங்காக, இத்தனை கையொப்பங்களோடு நடந்தேறியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எஞ்சினை ஓட்டிக்காட்டும் நாளை அப்பா பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தார். சித்தப்பா ஸ்பிரிங்குகளோடு வந்து சேர்ந்ததே அதற்கு முந்தைய நாள்தான். எஞ்சினைப் பூட்டும்போது அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பிஸ்டனின் தலையில் களிமண்ணை மெல்லியதாக அப்பி, தலைப்பகுதியை மேலே மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றுவார். பிறகு கழற்றிப் பார்த்தால், வால்வு இறங்கிய இடத்தில் களிமண்ணில் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளத்தின் அடியில் எஞ்சியிருக்கும் களிமண்ணின் தடிமனே வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையிலான இடைவெளி. அன்று காலை அதைக் கத்திமுனையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வாகன நிறுவனத்திலிருந்து வந்த இருவரும், உறவினர்களும், பூசாரியும், நானும் கூடி நின்றிருந்தோம்.

"களிமண்ணு நெனச்சதவிட மெல்லிசா இருக்குதுங்கண்ணா. இடிக்காது. ஆனா நாம போட்ட கணக்கு இதில்ல. ஒரு நாள் குடுங்க, கழட்டி அளந்துபோடறேன்."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. "வந்தவிகள வெச்சுட்டு என்றா பேச்சு இது. இடிக்காதுன்னு நீயே சொல்ற. மாட்டு" என்றார், வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடி. சித்தப்பா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை. அட்டவணையை அறிந்தவள் என்பதால் கேட்ட ஒரு கேள்வி மட்டுமே இருந்தது. நான் கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். அவர் "சரீங்கண்ணா" என்றார்.

குறைந்த வேகங்களில் எஞ்சின் அழகாக ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினார்கள். உச்சத்துக்குச் சற்று முன்னால், கருங்கல்லில் சம்மட்டி விழுந்தாற்போல் ஓர் ஓசை. அதன் பின்னாலேயே உலோகம் உலோகத்தை மெல்லும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. நுழைவு வால்வொன்றின் தலை முறிந்து, பிஸ்டனைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. யாருக்கும் காயமில்லை. வால்வு மூடியின்மேல் அப்பியிருந்த சந்தனமும் குங்குமமும் கொதிக்கும் எண்ணெயில் கரைந்து, சீழும் இரத்தமும் கலந்தாற்போல் எஞ்சினின் விலாவில் வழிந்தன. நசுக்கிய எலுமிச்சம்பழத்தில் அதற்குள் ஈ மொய்த்தது. கருகிய எண்ணெயும் கற்பூரமும் சேர்ந்த அந்த நாற்றம் இன்றுவரை என்னைக் கோயில்களின் கருவறைப் பக்கம் நெருங்க விடுவதில்லை. ஆனால் அதைவிட எனக்குக் குமட்டியது அடுத்து நடந்த விருந்து. பக்கத்து அறையில் எஞ்சின் இன்னும் புகைந்துகொண்டிருக்க, வந்தவர்களை இலை போட்டு உட்காரவைத்து, "இன்னொரு மைசூர்பா வெச்சுக்கோங்க, உங்களுக்குன்னே நெய்யில பண்ணுனதுங்க" என்று அப்பா குனிந்து குனிந்து உபசரித்தார். அவர்களும் சாப்பிட்டார்கள். கைகழுவி, நன்றி சொல்லி, போய்விட்டார்கள். பிறகு அந்த வேலை வேறொரு ஊருக்குப் போயிற்று.

மறுநாள் மத்தியானம் சித்தப்பா உடைந்த எஞ்சினின் தண்டை அளந்த தாளை என் மேசையில் வைத்தார். பக்கத்தில் என் பழைய அட்டவணையை வைத்தார். இரண்டும் ஒன்றே.

"இது அம்பத்திரெண்டு, அம்மணி" என்றார். குரலில் கோபம் இல்லை. ஊர்ப்பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். எட்டு, ஒன்பது, பூட்டிய வீடு, எல்லாவற்றையும். அவர் பதிவேட்டைத் திறந்து என் கையெழுத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

"அண்ணங்கிட்ட நாஞ் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

"நாஞ் சொல்றேனுங்க சித்தப்பா."

"சொல்லிப்போடு கண்ணு. எனக்கு வேறொண்ணும் வேண்டாம். கணக்கு தப்பில்லன்னு தெரிஞ்சாப் போதும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். பதவியையோ மன்னிப்பையோ அவர் கேட்கவில்லை. நான்கு மாதம் கணக்கிட்ட அந்தச் சரிவு சரியானது என்று வீட்டார் ஒருமுறை அறிய வேண்டும் என்பதே அவர் வேண்டியது. நான் அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். அந்த அளவுக்காவது என் வாக்கைக் காப்பாற்றினேன் என்று பல ஆண்டுகள் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பா முழுவதையும் கேட்டார். பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அந்தப் பக்கத்த நல்லா திருப்பி எழுதிப்போடு அம்மணி. அடிச்சு அடிச்சு அசிங்கமா கெடக்குது."

அவர் மிரட்டவில்லை. கெஞ்சவும் இல்லை. ஒரு பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் பழைய பக்கத்தை எடுத்துவிட்டு அளவுகோல் வைத்துக் கோடு போட்டுப் புதுப் பக்கம் எழுதினேன். அதில் 2052 ஒரே முறைதான் வருகிறது. வடிவமைத்தவர் என்ற இடத்தில் சித்தப்பாவின் பெயர் இருக்கிறது. சிவப்பு மை எங்கும் இல்லை. என் கையெழுத்து அழகானது என்று பள்ளியில் பரிசு கொடுத்திருக்கிறார்கள். என் வாழ்வில் நான் எழுதிய ஆக அழகான பக்கம் அதுவே. அதை எழுதிய என் விரல்களின்மேல் இன்றும் எனக்கு அருவருப்பு உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறவினர்கள் வீட்டில் கூடினார்கள். கூடத்தில் எல்லோருக்கும் நான் மோர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா தம்பியை ஒரு வார்த்தை வையவில்லை. "என்ன பண்றதுங்க, படிச்சவன், பாடுபட்டவன். கை அப்படி. சிலரு கைக்கு வரமாட்டேங்குது" என்றார். அந்த நாள்வரை யாரும் அப்படி நினைத்ததில்லை. ஆனால் அந்தச் சொல் கூடத்தில் விழுந்ததும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று நினைவுக்கு வந்தது. அவன் நட்ட தென்னை பட்டுப்போனது என்றார் ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலாக ஒருவர், "நல்ல நேரத்துல நின்னுட்டு, களிமண்ணு மெல்லிசா இருக்குது, ஒரு நாள் குடுங்கன்னு அவந்தான வாயத் தொறந்தான்? அப்பவே எனக்குப் பக்குன்னுச்சுங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பொறியாளன் தன் கடமையாகச் சொன்ன எச்சரிக்கை, அரை நிமிடத்தில் அபசகுனமாகிவிட்டது.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அவருக்கு நீட்டிய மோரை வாங்கி, ஒரே மூச்சில் குடிக்கக்கூடியதை, வாய்வாயாக, மிக மெதுவாகக் குடித்தார். எனக்கு அவகாசம் கொடுக்கிறார் என்று புரிந்தது. நான் வெறும் டம்ளருக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். குடித்து முடித்து, டம்ளரைக் கொடுத்தார். "சரீங்கண்ணா" என்று அப்பாவிடம் சொன்னார். அந்த மாதக் கடைசியில் பல்லடம் போய்விட்டார். கோழிப்பண்ணைகளிலும் தறிக்கூடங்களிலும் இருக்கும் ஜெனரேட்டர் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் வேலை. இரண்டு வால்வு எஞ்சின்கள். மறு வருடம் வெள்ளகோவிலில் பெண் எடுத்தார். கல்யாணத்தன்று, அவருடைய கல்யாணத்திலேயே, விளக்கின் முதல் திரியை அவரை ஏற்றவிடவில்லை.

இன்று சாலையில் போகும் கார்களில் பெரும்பாலானவற்றில் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள்தாம். என் காரிலும் அப்படியே. தொழிற்கூடத்தை இப்போது என் தம்பி நடத்துகிறான். நான் இன்னமும் அங்கே வரைபடங்களுக்குப் பொறுப்பு. பதிவேடு போய்க் கணினி வந்துவிட்டது. நீக்கிய எண்ணை மறுபடி தர அந்த மென்பொருள் மறுக்கிறது. சித்தப்பாவின் விதியை யாரோ ஓர் அந்நியர் அதற்குள் எழுதிவைத்திருக்கிறார் என்று முதலில் எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு தம்பி மென்பொருள் தந்தவரிடம், கூட்டினால் எட்டு வரும் எண்களைத் தானாகவே தாண்டிப்போகும்படி செய்யச் சொன்னான். இயலாது என்பார் என எதிர்பார்த்தேன். "நெறைய கம்பெனில கேக்கறாங்க மேடம். ஏற்கெனவே இருக்குது, ஆன் பண்ணி விட்டாப் போதும்" என்றார் அவர். தம்பிக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தேன், அவன் பாதிதான் நம்பினான். "அது அந்தக் காலமுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு ஆன் செய்தான்.

அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் இருக்கும்வரை அவருக்காகப் பேசாமல் இருந்தேன் என்று வைத்துக்கொண்டாலும், அதன்பின் நான்கு ஆண்டுகள் சித்தப்பா உயிரோடு இருந்தார். அந்த நான்கு ஆண்டுகளுக்கு என்னிடம் காரணம் இல்லை. பொங்கல், தீபாவளி என்று ஒவ்வொரு நோம்பிக்கும் பல்லடம் போவேன். ஒவ்வொரு முறையும் வழியில் வாக்கியங்களைக் கட்டிக்கொள்வேன். அவர் வாசலுக்கு வந்து "வா கண்ணு" என்பார். நாங்கள் மழையைப் பற்றிப் பேசுவோம். அவர் நுரையீரல் நோயில் படுத்தபோதும் போனேன். அப்போதும் மழையைப் பற்றியே பேசினோம். உறவினர் கூட்டத்தில் ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். அவர் கேட்டது அதுதான். நான் சொன்னபோது, அது அவருடைய பதினாறாம் நாள் காரியம்.

சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் பந்தலில் இருந்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். எண்ணை மாற்றச் சொன்னது அப்பா. எழுதியது நான். பக்கத்தைத் திருத்தியதும் நான். சித்தப்பாவின் கணக்கில் பிழை இல்லை. எவரும் அதிரவில்லை. "மனசுல இருந்தத எறக்கி வெச்சுட்டீங்க அம்மணி, நல்லதுங்க" என்றார் ஒரு பெரியம்மா. அன்று களிமண்ணைப் பற்றிச் சொன்ன அதே உறவினர், இப்போது தடியூன்றியவர், கேட்டார்: "நம்பரு தப்புன்னே வெச்சுக்கலாமுங்க. அந்தத் தப்பு ஏன் பாத்துப் பாத்து அவன் செஞ்ச சாமான்லயே வந்து உக்காரோணும்?" அதைத்தானே கைராசி என்பது, என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பிறகு இலை போட்டார்கள். நான் இலைமுன் உட்காரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை இல்லை என்பதனால் அல்ல. அதைக் கேட்டவரின் முகத்தில் இருந்த கனிவைச் சகிக்க முடியாததனால்.

கூட்டம் கலைந்தபின் சமையற்கட்டுக்குப் போனேன். சித்தி பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது சிறியவர். சித்தி என்று கூப்பிட்டாலும் இருவரும் ஒருவருக்கொருவர் 'ங்க' போட்டே பேசுவோம். நான் பந்தலில் பேசியதைக் கேட்டீர்களா என்றேன்.

"கேட்டேனுங்க. எனக்குத் தெரியுமுங்க அது. கல்யாணமான மொத வாரத்துலயே அவிய சொல்லிப்போட்டாங்க."

"ஒரு நாளும் எங்கிட்ட கேக்கலீங்களே சித்தி."

"கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அந்தப் புள்ளையே ஒரு நாளைக்கு வந்து சொல்லும், நாம கேட்டு வாங்கக் கூடாதுன்னாங்க." அவர் ஒரு பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்த்தார். "நோம்பி நோம்பிக்கு நீங்க வந்துட்டுப் போன பொறகு, இன்னைக்கும் சொல்லலையான்னு நாந்தான் கேப்பேன். 'மழையப் பத்திப் பேசுச்சு'ம்பாங்க."

அது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆயின. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லடம் போகிறேன். சித்தி "வாங்க" என்கிறார். காப்பி தருகிறார். அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பார், அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியாமலே போய்விடும். அப்பா இல்லை, சித்தப்பா இல்லை. அன்று நடந்தது இன்னதென்று அறிந்து, அதை நம்பவும் செய்பவர்கள் இப்போது இரண்டே பேர். நான் இருக்கிறேன், சித்தி இருக்கிறார்.